தலைகீழாக மரமிறங்கும் நீலக் குருவி

பனையேறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி பழகிப்போயிருக்கும். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிறவர், ஏறும்போதும் தலை மேலே இருக்கத்தான் ஏறுவார். இறங்கும்போதும் தலை மேலே இருக்கத்தான் இறங்குவார். உடம்பின் பாரத்தைக் கால் தாங்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. மரங்கொத்திக்கும் இதே கட்டுப்பாடுதான். அது மரத்தில் மேல்நோக்கித் தத்தித் தத்தி ஏறும். கீழே வர வேண்டுமானால் தலையைத் திருப்பாமலே ஓரிரு அடி பின்வாங்கும், அல்லது பறந்துபோய் அடுத்த மரத்தின் அடிப்பகுதியில் உட்கார்ந்து மறுபடியும் ஏறத் தொடங்கும். ஆனால், நம் திருநெல்வேலிச் சீமையின் மேற்கு எல்லையாக நிற்கும் மலைக்காட்டில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு நீலக் குருவி இந்த விதிக்குக் கட்டுப்படாமல், தலை கீழாகவும் வால் மேலாகவும் நெட்டுக்குத்தான மரத்தில் ஓடி இறங்குகிறது. அதன் பெயர் வெல்வெட் நெற்றி நட்ஹாட்ச். பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அது யார், எப்படி அவ்வாறு இறங்குகிறது, அப்படி இறங்குவதால் அதற்குக் கிடைப்பது என்ன என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் உருவத்தைப் பார்த்துவிடலாம். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. முதுகும் இறக்கையும் ஊதா கலந்த நீலம், கன்னத்தில் இளம் ஊதாச் சாயல், தொண்டை வெளுப்பு, வயிறு மங்கிய பழுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக மூன்று அடையாளங்கள் கண்ணில் அறையும்: பவளம் போன்ற சிவந்த அலகு, மஞ்சள் விழி, அலகுக்கு மேலே நெற்றியில் வெல்வெட் துணியை ஒட்டவைத்தாற்போன்ற கருப்புத் திட்டு. பறவையின் பெயரும் அந்தத் திட்டிலிருந்து வந்ததுதான். அறிவியல் பெயரான ஸிட்டா ஃபிரான்டாலிஸ் என்பதில் உள்ள இரண்டாவது சொல்லும் நெற்றியைத்தான் குறிக்கிறது. வில்லியம் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1820ஆம் ஆண்டில் இதற்கு அப்பெயரை இட்டார். ஆணா பெண்ணா என்று கண்டுகொள்ள கண்ணுக்கு மேலே பார்க்க வேண்டும். ஆணுக்கு நெற்றியின் கருப்பு, மையால் தீட்டிய புருவம்போல் கண்ணுக்குப் பின்னும் மெல்லிய கோடாக நீளும். பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. இளங்குஞ்சுக்கு அலகு சிவந்திருக்காது, கருத்திருக்கும்.

இவ்வளவு நிறமும் காட்டுக்குள் உடனே தெரிந்துவிடும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பறவைகளின் நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய அமைப்பு, தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. ஒளி குறைந்த சோலைக்குள், ஈரம் ஊறிக் கருத்த பட்டையின்மேல், இந்தக் குருவி ஒரு சிறு நிழல் நகர்வதுபோல்தான் தென்படும். இலைகளுக்கு இடையே புகுந்த ஒரு வெயில் கீற்றுக்குள் அது வந்து நிற்கும் ஒரு நொடியில்தான் நீலம் பளிச்சென்று எரியும்.

நட்ஹாட்ச் என்ற ஆங்கிலப் பெயர் நம் பறவைக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஐரோப்பாவில் வாழும் இதன் உறவினப் பறவை, கொட்டைகளைப் பட்டையின் வெடிப்பில் செருகிவைத்து அலகால் கொத்தி உடைத்துத் தின்னும்; கொட்டை கொத்தி என்ற பொருளில் அங்கே பிறந்த பெயர் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. நம் மலைக்குருவியின் உணவு பெரும்பாலும் பூச்சிகளும் சிலந்திகளுமே. உலகில் நட்ஹாட்ச்கள் முப்பதுக்குச் சற்றுக் குறைவான இனங்களாக இருக்கின்றன. எல்லாமே ஸிட்டா என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்குபவை. அவற்றில் பல குளிர்நாட்டுப் பறவைகள். வெப்ப நாட்டுக் காடுகளுக்கு உரியவற்றுள் நம்முடையது ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளத்தின் தென்பகுதி தொடங்கிக் கிழக்கே தென்சீனாவையும் இந்தோனேசியாவையும் எட்டும்வரை பரவியிருக்கிறது. அவ்வளவு பரந்த நிலத்தில் வாழ்வதால் இனம் அழியும் அச்சம் இப்போதைக்கு இல்லாத பறவைகளின் வரிசையில் இது வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது கால்களுக்கு வருவோம். இந்தப் பறவையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

மரங்கொத்தி மரத்தில் நிற்பதை உற்றுப் பார்த்தால் அது மூன்று இடங்களில் ஊன்றி நிற்பது தெரியும். இரண்டு கால்கள், மூன்றாவது, வால். அதன் வாலிறகுகள் மூங்கில் சிம்பைப் போல விறைத்தவை. அவற்றைப் பட்டையில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் அது தலையை ஓங்கி ஓங்கி அடிக்கிறது. அந்த முட்டு எவ்வளவு இன்றியமையாதது என்றால், ஆண்டுதோறும் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் காலத்தில், மற்ற வாலிறகுகள் புதிதாகி வளரும் வரை நடுவில் உள்ள இரண்டு பெரிய இறகுகளும் உதிராமல் காத்திருக்கும். ஆனால் வாலை ஊன்றி நிற்கும் உடம்பு தலைகீழாகத் திரும்ப முடியாது. திரும்பினால் வால் மேலே போய்விடும், முட்டும் போய்விடும். மரங்கொத்திக்குக் கிடைத்த வசதியே அதற்கு எல்லையுமாகிறது.

நட்ஹாட்சின் வால் குட்டையானது, மென்மையானது. மரத்தில் நிற்க அது வாலைப் பயன்படுத்துவதே இல்லை. முழுப் பாரமும் கால்களில்தான். முன்னோக்கி மூன்று விரல்கள், பின்னோக்கி ஒன்று. அந்தப் பின்விரல் நீண்டு தடித்தது, அதன் நுனியில் வளைந்த வலுவான நகம். பறவை தலைகீழாக இருக்கும்போது அதன் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பதை நீங்கள் கவனித்தால் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும். ஒரு காலை மேலே, உடம்புக்குப் பின்புறமாகத் தள்ளி வைத்து, அதன் நகங்களைப் பட்டையில் மாட்டித் தொங்குகிறது. இன்னொரு காலைக் கீழே, முன்புறமாக வைத்து, விழாமல் முட்டுக்கொடுத்துக்கொள்கிறது. மேற்கால் கொக்கி, கீழ்க்கால் ஊன்றுகோல். அடுத்த தத்தலில் உடம்பை மறுபக்கம் சாய்த்துக் கால்களை மாற்றிக்கொள்கிறது. இதனால்தான் அது நேர்கோட்டில் இறங்காமல் இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து இறங்குவதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

அணிலும் தலைகீழாகத்தான் இறங்குகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அணில் பின்னங்கால்களைக் கணுக்காலில் ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி, பாதம் பின்னோக்கிப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளும். நான்கு கால் உள்ள உயிருக்கு அது கைகொடுக்கிறது. நம் வீட்டு வேப்பமரத்தில் அணில் இறங்கும்போது அதன் பின்னங்கால்களைப் பாருங்கள், விரல்கள் வானத்தை நோக்கியிருக்கும். நட்ஹாட்ச் கணுக்காலைத் திருப்பவில்லை. இரண்டே கால்களை வெவ்வேறு மட்டத்தில் வைத்து அதே வேலையை முடித்துக்கொள்கிறது.

சரி, இப்படியெல்லாம் சிரமப்பட்டு இறங்குவதால் என்ன பயன்? விடை மரப்பட்டையில் இருக்கிறது. முதிர்ந்த காட்டுமரத்தின் பட்டை, தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே பரப்பாகத் தெரியும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது செதில் செதிலாகப் பெயர்ந்தும், பிளந்தும், பாசியும் பெரணியும் படர்ந்தும், ஒரு பெரிய வீட்டின் அலமாரிகளைப் போல எண்ணற்ற தட்டுகளும் இடுக்குகளும் கொண்டதாக இருக்கும். கீழேயிருந்து ஏறும் பறவையின் கண்ணுக்கு ஒவ்வொரு செதிலின் அடிப்பக்கமும் நன்றாகத் தெரியும். மேற்பக்கத்து இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும் சிலந்தியோ வண்டோ மறைந்துவிடும். மேலேயிருந்து இறங்கி வரும் பறவைக்கு அந்த மேற்பக்கத்து இடுக்குகள் நேர் எதிரே வந்து நிற்கின்றன. ஒரே மரம்தான், ஒரே பட்டைதான். ஆயினும் வந்து சேரும் திசை மாறும்போது பந்தியில் விடுபட்ட பண்டங்கள் கண்ணில் படுகின்றன. நட்ஹாட்ச் இறங்க மட்டும் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஏறும், குறுக்கே போகும், கிளையின் அடிப்புறத்தில் முதுகு தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டே நடக்கும், விழுந்து கிடக்கும் கட்டையையும் துழாவும். எத்திசையும் அதற்குத் தடையில்லை.

மாஞ்சோலைக்கு மேலே ஒருமுறை, மழை ஓய்ந்த காலையொன்றில், சாலையோரத்து மரத்தில் ஒரு பெண் நட்ஹாட்சைப் பத்தடித் தொலைவிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெயர்ந்து நின்ற பட்டைச் சில்லு ஒன்றின் விளிம்பில் அலகைச் செருகி, தலையை ஒருபக்கமாகத் திருகியது. சில்லு உடைந்து, என் காலடியில் இருந்த உதிர்ந்த இலையின்மேல் டப்பென்று விழுந்தது. அது கீழே பார்க்கக்கூட இல்லை. சில்லு இருந்த இடத்தில் வெளுத்த ஒரு புழு நெளிந்தது. அலகு நுனியால் அதை எடுத்து, பட்டையில் இரண்டு முறை தட்டி, விழுங்கிவிட்டு, அரையடி கீழே நகர்ந்தது. மரங்கொத்தியைப் போல அது கட்டையைத் துளைப்பதில்லை. அதற்குரிய கருவி உளியன்று, குறடு: இடுக்கில் நுழையும், பெயர்க்கும், பற்றி இழுக்கும். சில்லு விழுந்த சத்தத்தை நான் இன்றும் பயன்படுத்திக்கொள்கிறேன். காட்டில் காற்று இல்லாதபோது மேலிருந்து பட்டைத் துணுக்குகள் உதிர்ந்தால் அண்ணாந்து பார்க்கத் தவறுவதில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் வாழும் இதன் உறவுக்காரர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் வாழும் பழுப்புத்தலை நட்ஹாட்ச், பெயர்த்தெடுத்த ஒரு பட்டைத் துண்டை அலகில் கவ்விக்கொண்டு, அதையே நெம்புகோலாக வைத்து வேறு பட்டைச் செதில்களைப் பெயர்த்து அடியில் உள்ள பூச்சிகளைப் பிடிப்பது உண்டு. கருவியைக் கையாளும் பறவைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இந்தச் சிறு குடும்பத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் இதை எங்கே பார்க்கலாம்? கீழே முண்டந்துறையை ஒட்டிய காட்டையும் களக்காட்டுக் காட்டையும் இணைத்து 1988ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அந்த மலைத்தொடரில் ஈரம் மிகுந்த மேற்பகுதிகளே இதற்கு உகந்த வீடு. மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையில், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பசுமைமாறாக் காடு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும், ஐப்பசி கார்த்திகையின் அடைமழையும் ஆகிய இரண்டையும் பெறும் இடம் அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநிலத்திலேயே மிகுந்த மழை பதிவான இடங்களின் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த மழைதான் இந்தப் பறவைக்குச் சோறு போடுகிறது என்பேன். மழை நிறைந்த காட்டில்தான் மரத்துக்கு மேல் பாசி படரும். பாசியில் ஈரம் தங்கும். ஈரத்தில் பூச்சி பெருகும். வெடிப்பலா போன்ற பெருமரங்களின் கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் அடுக்கடுக்காக ஏறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மரமே ஒரு தோட்டமாக இருப்பது விளங்கும்.

தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் மரங்களுக்கும் நட்ஹாட்ச் வருவது உண்டு. ஆனால் பக்கத்தில் காடு இருக்க வேண்டும், மரங்கள் முதிர்ந்திருக்க வேண்டும். வழவழப்பான பட்டையுள்ள இளமரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

காட்டுக்குள் நட்ஹாட்சைத் தனியாகத் தேடுவதைவிட ஒரு கூட்டத்தைத் தேடுவது எளிது. சோலையில் நடக்கும்போது நெடுநேரம் ஒரு பறவைகூடக் கண்ணில் படாது. காடே காலியாக இருப்பதுபோல் இருக்கும். திடீரென்று தலைக்கு மேலே ஒரு சலசலப்பு. ஒரே சமயத்தில் ஏழெட்டு இனப் பறவைகள் வந்து, அந்த இடத்தைச் சல்லடை போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் கடந்து போய்விடும். பறவையியலில் இதைப் பல்லினக் கூட்டம் என்று சொல்லலாம். உச்சிக் கிளைகளில் மின்சிட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். இலைக்கொத்துகளில் கதிர்க்குருவிகள் துழாவும். அடர்ந்த புதர்களில் சிலம்பன்கள் சிலம்பும். நடுவே துடுப்புவால் கரிச்சான் ஒன்று தூக்கிக் கட்டிய கயிறுகள்போல் வால் நுனிகள் ஆடப் பறந்து பறந்து உட்காரும். மரத்தண்டும் தடித்த கிளைகளும் மட்டும் நட்ஹாட்சின் பங்கு. இரண்டு, மூன்று, சில வேளை அதற்கு மேலும் சேர்ந்து வரும்.

ஏன் இப்படிக் கூடித் திரிகின்றன என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஒரு பறவை கிளையை அசைக்கும்போது எழும்பும் பூச்சி இன்னொன்றுக்கு இரையாகும் என்பது முதலாவது. கரிச்சான் இந்த வகையில் பெரிதும் பயனடைகிறது. பல கண்கள் இருந்தால் எதிரி வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது இரண்டாவது. நட்ஹாட்சைப் பொறுத்தவரை இரண்டாவதே முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, தலைகீழாக, இடுக்குக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பறவை வானத்தில் வல்லூறு வருகிறதா என்று எப்படிக் கவனிக்கும்? காற்றில் பாய்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானின் பார்வை எப்போதும் வெளியில் இருக்கிறது. அது எச்சரிக்கைக் குரல் எழுப்பியதும் கூட்டம் முழுவதும் அப்படியே உறைந்து நிற்பதைக் காணலாம். அப்போது நட்ஹாட்ச் பட்டையோடு பட்டையாக அசையாமல் இருக்கும்; ஆபத்து நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி அதன் குடும்ப வாழ்க்கை. கூடு மரப்பொந்தில்தான். கிளை முறிந்த இடத்தில் உளுத்து உண்டான குழி, பட்டை வெடிப்பு, மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து கைவிட்ட பழைய பொந்து என்று எதுவும் உதவும். உள்ளே பாசி, மயிர், இறகு ஆகியவற்றைப் பரப்பி மெத்தை அமைத்து, மூன்று முதல் ஆறு வரை முட்டையிடும். வெள்ளை ஓட்டில் சிவப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும்.

பொந்துக்குள் கூடுகட்டும் எந்தப் பறவைக்கும் வாசல்தான் பெரிய கவலை. வாசல் பெரிதாக இருந்தால் பாம்பும் அணிலும் வரும், பெரிய பறவைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கவலைக்கு நட்ஹாட்ச் குடும்பம் கண்டுபிடித்திருக்கும் தீர்வுகள் வியக்கவைப்பவை. ஐரோப்பிய நட்ஹாட்ச் ஈரமண்ணை அலகால் அள்ளி வந்து, கொத்தனார் சுவர் பூசுவதுபோல் வாசலைச் சுற்றிப் பூசி, தன் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளும். வட அமெரிக்காவின் செம்மார்பு நட்ஹாட்ச் மண்ணுக்குப் பதிலாக ஊசியிலை மரத்தின் பிசினை வாசலைச் சுற்றித் தடவிவிட்டு, தான் மட்டும் அதில் ஒட்டாமல் நேராக உள்ளே பறந்து நுழையும். பாறை நட்ஹாட்ச் என்று அழைக்கப்படும் இனங்கள் மரத்தையே விட்டுவிட்டுப் பாறை முகத்தில் மண்கூடு கட்டுகின்றன.

இந்தக் கூடு சம்பந்தப்பட்ட செய்தியில் காட்டைப் பற்றிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. பட்டுப்போன கிளை, உளுத்த தண்டு, சாகும் தறுவாயில் நிற்கும் கிழமரம் ஆகியவற்றை நாம் விறகு என்றே கணக்கிடப் பழகியிருக்கிறோம். அவற்றில் மரங்கொத்தியும் குக்குறுவானும் ஆண்டுதோறும் புதுப் பொந்து குடைகின்றன. அவை விட்டுப்போனவற்றில் பட்டாணிக்குருவிகளும் நட்ஹாட்ச்களும் ஆந்தைகளும் குடியேறுகின்றன. செத்த மரத்தை அப்புறப்படுத்திய காடு நம் கண்ணுக்குத் துப்புரவாகத் தெரியலாம். தானே பொந்து குடையும் அளவுக்கு அலகு வலுவில்லாத பறவைகளுக்கு அது வீடில்லாத ஊர்.

தேடிப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மலைமேல் செல்ல வனத்துறையின் விதிகளையும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். விடிந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம் நல்லது. மழைக்காலமென்றால் அட்டைக்குத் தயாராகப் போக வேண்டும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். நட்ஹாட்சின் குரலைத் தெரிந்துகொள்வது கண்ணுக்கு முந்தி காதைப் பழக்குவதாகும். சிட்-சிட்-சிட்-சிட் என்று கூர்மையாக, விரைவாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஒலிக்கும். ஈரமான கண்ணாடியை விரலால் அழுத்தித் துடைக்கும்போது எழும் கீச்சொலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கியதுபோல் இருக்கும். குரல் கேட்டதும் இலைகளுக்குள் தேடாதீர்கள். தண்டைப் பாருங்கள், கவையிலிருந்து கீழ்நோக்கி, மெதுவாக. பட்டையின் ஓரத்தில், தண்டுக்கு அப்பால், முதலில் ஒரு சிவந்த அலகு மட்டும் எட்டிப் பார்க்கும். அது தரையை நோக்கியிருந்தால் நீங்கள் தேடி வந்த பறவை அதுதான். அது மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டாலும் இடத்தைவிட்டு நகராதீர்கள். இன்னும் சற்றுக் கீழே, மறுபடியும் உங்கள் பக்கமாகவே வந்துசேரும்.